நாற்பத்து நான்காம் சாலையின் வடக்கு முனை

திண்டுக்கல்லை அடுத்த எங்கள் ஊர் தாடிக்கொம்புக்குப் பக்கத்தில் ஓடும் நான்கு வழிச் சாலைக்கு எண் 44. தெற்கே பிடித்தால் மதுரை, திருநெல்வேலி, கன்னியாகுமரி. வடக்கே பிடித்தால் கரூர், சேலம், பெங்களூரு, ஐதராபாத், நாக்பூர், டெல்லி, ஜம்மு என்று போய் ஸ்ரீநகரில் முடியும். மொத்தம் 3,745 கிலோமீட்டர். இந்தியாவிலேயே நீளமான தேசிய நெடுஞ்சாலை இதுதான். எங்கள் பக்கத்தில் இந்தச் சாலையை முழுதாகப் பார்த்தவர்கள் இரண்டே வகை: லாரி ஓட்டுகிறவர்கள், பட்டாளத்தில் இருந்தவர்கள். லாரிக்காரர்கள் ஆப்பிள் விலையைப் பற்றியும் ராம்பன் மண் சரிவைப் பற்றியும் பேசுவார்கள். பட்டாளத்துக்காரர்கள் அதிகம் பேச மாட்டார்கள். சும்மா ஊர் பார்க்க அந்த முனை வரைக்கும் போனவர் என்று எங்கள் தெருவில் ஒருவரும் இல்லை.

2025 அக்டோபர் கடைசியில் நானும் நண்பர் ஒருவரும் காஷ்மீருக்குக் கிளம்புவதாகச் சொன்னபோது சித்திதான் முதலில் மறித்தார். “ஏப்பா, குளுருதான் வேணும்னா கொடைக்கானல் இங்கிட்டே இருக்கு. ஆறு மாசம் முன்னாடிதான அம்புட்டுப் பேரைச் சுட்டுக் கொன்னாங்க? அங்கிட்டுப் போயி என்னத்தப் பாக்கப் போற?”

அவர் சொன்னதில் தவறே இல்லை. 2025 ஏப்ரல் 22 அன்று பகல்காமுக்கு மேலே பைசரண் புல்வெளியில் 26 பேரைப் பயங்கரவாதிகள் சுட்டுக் கொன்றார்கள். அவர்களில் 25 பேர் சுற்றுலாப் பயணிகள். இருபத்தாறாவது ஆள் அந்த ஊர்க் குதிரைக்காரர் சையத் ஆதில் உசேன் ஷா. ஓடிப்போயிருக்கலாம், ஓடாமல், தன் குதிரையில் வந்தவர்களைக் காப்பாற்றப் போராடி இறந்தார். அந்தப் புல்வெளியில் கணவனின் உடலருகே உட்கார்ந்திருந்த புதுப்பெண்ணின் படத்தை நாம் எல்லோரும் பார்த்தோம். அதைப் பார்த்த பிறகு டிக்கெட்டை ரத்து செய்தவர்களைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் எங்கள் ஊர்ப் பயத்துக்கு வயது ஆறு மாதம் மட்டும் கிடையாது. தமிழர்களுக்குக் காஷ்மீர் முதலில் சினிமா வழியாகத்தான் வந்தது. 1961-ல் ஸ்ரீதர் ‘தேன் நிலவு’ படத்தை அங்கே போய் எடுத்தார். அம்மா காலத்துப் பெண்களுக்குக் காஷ்மீர் என்றால் ஜெமினி கணேசனும் வைஜெயந்திமாலாவும் போன படகுதான். 1992-ல் ‘ரோஜா’ வந்தது. அந்தக் கதை காஷ்மீரில் நடக்கிறது, ஆனால் படம் பிடிக்க அங்கே போகக்கூடிய நிலை அப்போது இல்லை; மணாலியும் குன்னூரும் காஷ்மீராக நடித்தன. என் வயதுக்காரர்கள் அந்த ஊரைப் பற்றித் தெரிந்துகொண்ட முதல் செய்தியே அங்கே போனால் கடத்திக்கொண்டு போவார்கள் என்பதுதான். பிறகு மேஜர் முகுந்த் வரதராஜன் 2014-ல் சோபியானில் வீரமரணம் அடைந்தார்; அவர் கதை 2024-ல் ‘அமரன்’ ஆனது. இடையில் 2018 மே மாதம், குடும்பத்தோடு சுற்றுலா போன சென்னை இளைஞர் ஒருவர் ஸ்ரீநகருக்குப் பக்கத்தில் நார்பல் என்ற இடத்தில் கல்வீச்சில் சிக்கி இறந்தார். பாட்டு, துப்பாக்கி, கல். நமக்கு அந்த ஊரைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். வேறு எதுவும் தெரியாத இடத்தில் பயம் வந்து தாராளமாக உட்கார்ந்துகொள்கிறது.

ஜம்மு பக்கம் இருக்கும் கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு இப்போது ரயில் இருக்கிறது. 2025 ஜூன் 6 அன்று தொடங்கிய பாதை, ஏறக்குறைய மூன்று மணி நேரப் பயணம். ஏறுவதற்கு முன் பையைத் திறந்து, அடையாள அட்டையைப் பார்த்து, மறுபடியும் ஒரு முறை பார்த்து அனுப்பினார்கள். ரயில் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் அஞ்சிப் பாலம் வந்தது. ஒற்றைத் தூணிலிருந்து இறங்கும் கம்பிவடங்கள் பாலத்தைத் தாங்கி நிற்கின்றன. பிறகு சில சுரங்கங்கள். அப்புறம்தான் செனாப். ஆற்றுப் படுகையிலிருந்து 359 மீட்டர் உயரத்தில் பாலம். ஈபிள் கோபுரத்தைக் கீழே நிறுத்தினாலும் தண்டவாளத்தைத் தொடாது. பெட்டியில் இருந்த எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்து, கைபேசியைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தார்கள். கீழே ஆறு பச்சை நாடாவாகத் தெரிந்தது. யாரோ ஒரு குழந்தை “தண்ணி எங்க?” என்று இந்தியில் கேட்டுக்கொண்டே இருந்தது. அது பார்த்துக் கண்டுபிடிப்பதற்குள் அடுத்த சுரங்கம் வந்துவிட்டது.

பீர் பஞ்சால் மலைக்கு அடியில் பதினோரு கிலோமீட்டர் சுரங்கம். இருட்டு, ரயில் சத்தம், இருட்டு. வெளியே வந்தால் காசிகுண்ட். அந்த ஒரு நொடியை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன். மலை மலையாகப் பார்த்துக்கொண்டு வந்த கண்ணுக்கு முன்னால் திடீரென்று சமவெளி விரிந்தது. பொன் நிறத்தில் பாப்ளர் மரங்கள் வரிசையாக நின்றன. ஆப்பிள் தோப்புகளுக்கு நடுவே அறுத்த நெல் வயல், வயல் நடுவே வைக்கோல் போர். எல்லாவற்றுக்கும் பின்னால் வெள்ளை மலைகள். காஷ்மீரிகள் மத்தியானமும் ராத்திரியும் சோறு கேட்கும் ஜனங்கள் என்பதை அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை.

இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயம். மற்ற மாநிலத்து பிரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீருக்குள் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு மட்டும்தான் எடுக்கும். நண்பருடையது பிரீபெய்டு. எல்லை தாண்டியதும் அவர் போன் செத்துவிட்டது. வீட்டில் விஷயத்தைச் சொல்லித்தான் வந்திருந்தார், ஆனாலும் அவர் மனைவி விடிய விடிய அந்த எண்ணையே அழைத்துப் பார்த்திருக்கிறார். பாதுகாப்புக்காகப் போட்ட விதிதான். ஆனால் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் ஒரு வீட்டுக்குள் அது எவ்வளவு பெரிய பயத்தைக் கொண்டுபோய் வைக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஸ்ரீநகரில் தால் ஏரியில் ஒரு படகு வீட்டில் தங்கினோம். வெளியாட்கள் நிலம் வாங்க டோக்ரா மன்னர்கள் அனுமதிக்கவில்லை; அதனால் வெள்ளைக்காரர்கள் தண்ணீரில் வீடு கட்டிக்கொண்டார்கள் என்பது இந்தப் படகுகளின் பூர்வ கதை. உள்ளே முழுக்க தேவதாரு மரம். நான் படுத்திருந்த அறையின் கூரையைச் சொல்ல வேண்டும். கதம்பந்த் என்கிறார்கள். விரல் அகல மரத்துண்டுகளை எட்டுமூலை, ஆறுமூலை என்று வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகிக் கோத்த கூரை. ஆணி அடித்துப் பொருத்தியதில்லை, செருகலிலேயே நிற்கிறது. படுத்துக்கொண்டு பார்த்தால் கோலம் போலத் தெரிகிறது, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பிடிபடவில்லை. எங்கள் ஊர் சௌந்தரராஜப் பெருமாள் கோயில் தூண்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். கை வேலையைக் கண்டால் கொஞ்ச நேரம் நின்றுவிடும் பழக்கம் எனக்கு உண்டு. அந்தக் கூரைக்குக் கீழே வெகுநேரம் தூங்காமல் கிடந்தேன்.

படகின் சொந்தக்காரருக்கு எழுபதுக்கு மேல் வயது. அவரிடம் ஒரு பழைய விருந்தினர் ஏடு இருந்தது. தோல் அட்டை, ஓரம் கருத்துப்போனது. எழுபதுகளில், எண்பதுகளில் தங்கியவர்கள் ஆங்கிலத்தில், ஜெர்மனில், பிரெஞ்சில் எழுதியிருக்கிறார்கள். சாப்பாட்டைப் புகழ்ந்து, பையன்களின் பெயரைச் சொல்லி, மறுபடி வருவோம் என்று முடித்திருக்கிறார்கள். 1989 கோடையோடு அந்தப் பக்கம் நிற்கிறது. அடுத்த பக்கத்தைத் திருப்பினால் 2004. நடுவில் ஒரு தாளும் கிழிக்கப்படவில்லை. எழுத ஆள் வரவில்லை.

1988-ல் பள்ளத்தாக்குக்கு வந்த பயணிகள் ஏழு லட்சத்துக்கு மேல். ஆயுதக் கிளர்ச்சி தொடங்கிய பிறகு, 1991-ல் அது சில ஆயிரங்களுக்குச் சுருங்கியது. 1995 ஜூலையில் பகல்காம் மலைகளில் நடந்துகொண்டிருந்த வெளிநாட்டுப் பயணிகளை அல் ஃபரான் என்ற கும்பல் கடத்தியது. ஒருவர் தப்பினார், ஒருவர் கொல்லப்பட்டார், மற்ற நால்வரும் வீடு திரும்பவே இல்லை. அதன் பிறகு மேற்கு நாடுகள் தங்கள் மக்களுக்கு “போகாதீர்கள்” என்று எச்சரிக்கை போட்டன. இந்த எச்சரிக்கை வெறும் புத்திமதி என்று நினைத்திருந்தேன். பெரியவர்தான் விளக்கினார். அரசாங்கம் போக வேண்டாம் என்று சொன்ன இடத்துக்குப் போனால் பல நாட்டவர்களுக்குப் பயணக் காப்பீடு செல்லாது. காப்பீடு இல்லாமல் பள்ளிக்கூடம் தன் மாணவர்களை அனுப்பாது, பயண நிறுவனம் குழுவை அனுப்பாது, வயதானவர்கள் கிளம்ப மாட்டார்கள். எங்கோ ஓர் அலுவலகத்தில் ஒரு வரி மாறினால் இங்கே ஒரு படகின் அடுப்பு அணைந்துவிடும். திரும்ப அந்த வரியை அழிக்க வருஷக்கணக்கில் ஆகும்.

“உள்நாட்டுப் பயணிகள் நீங்கள்தான் எங்களைக் காப்பாற்றினீர்கள்,” என்றார். பஞ்சாபி, குஜராத்தி, வங்காளி, பிறகு தென்னிந்தியர்கள். ஏட்டின் பிற்பாதி முழுக்க நம்முடைய கையெழுத்துகள். தமிழில்கூட இரண்டு பக்கம் இருந்தது. இட்லி கிடைக்கவில்லை என்ற வருத்தமும் அதில் இருந்தது.

விடிகாலை ஐந்து மணிக்கு ஷிகாராவில் ஏரிக்குள் போனோம். ஏரியிலேயே காய்கறிச் சந்தை கூடுகிறது. மெல்லிய தட்டைப் படகுகள், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. படகு நுனியில் குந்தவைத்து உட்கார்ந்த ஆண்கள், மேலே தொளதொள பெரன் அங்கி. அதற்குள் காங்கிரி என்ற கரிச்சட்டியைக் கட்டிப் பிடித்திருந்தார்கள். டர்னிப், முள்ளங்கி, ஹாக் கீரை, கட்டுக் கட்டாகத் தாமரைத் தண்டு. பனிமூட்டத்தில் பேரம் மட்டும் கேட்டது. திண்டுக்கல் மார்க்கெட்டில் காலையில் கேட்கும் அதே அவசரம், அதே “முடியாது போ”. ஓர் ஆள் தாமரைத் தண்டை ஒடித்து, துளை துளையாக இருந்த குறுக்குவெட்டை என் முகத்துக்கு நேரே பிடித்து, சேறு இல்லை பார் என்று காட்டினார். கரைக்கு வந்து கந்தூர் என்கிற ரொட்டிக்காரர் கடையில் அப்போதுதான் தந்தூரிலிருந்து எடுத்த கிர்தா ரொட்டி வாங்கினோம். மேலே விரலால் அழுத்திய கோடுகள். உப்புப் போட்ட ரோஜா நிறத் தேநீரில் முக்கித் தின்றோம். தேநீரில் உப்பா என்று நண்பர் முகம் சுளித்தார். இரண்டாவது நாள் அவரே கேட்டு வாங்கினார்.

தெருவுக்குத் தெரு துப்பாக்கியோடு ஜவான்கள் நிற்கிறார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் நான் பார்த்ததில் பாதியை மறைத்தவன் ஆவேன். மணல் மூட்டை, முள்கம்பி, கவச வண்டி. துப்பாக்கியைப் பார்த்தால் பயணிக்குத் தைரியம் வருகிறதா, இல்லை இவ்வளவு துப்பாக்கி தேவைப்படும் ஊரா என்ற கலக்கம் வருகிறதா? எனக்கு இரண்டும் மாறி மாறி வந்தது. லால் சௌக் மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் நாங்கள் தமிழில் பேசியதைக் கேட்டு ஒரு சி.ஆர்.பி.எஃப். பையன் திரும்பினான்.

“அண்ணே, எந்த ஊரு?”

“தாடிக்கொம்பு.”

“திண்டுக்கல் தாடிக்கொம்பா? அகரத்துல எங்க மாமா வீடு இருக்குண்ணே!” உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன். பத்து நிமிஷம் பேசியிருப்போம். அதற்குள் முத்தாலம்மன் திருவிழா வரைக்கும் போய்விட்டான். “வீட்டுல அண்ணியக் கூட்டிட்டு வரலியா?” என்றான். பயந்துவிட்டார்கள் என்றேன். “எங்கம்மாவும் தெனம் போன் போட்டு அழுகுது. நான் இங்கதான் ரெண்டு வருஷமா நிக்கிறேன்,” என்று சொல்லிவிட்டு, “இந்தப் பக்கத்து சனங்க நல்லவுகண்ணே, பாவம்,” என்றான்.

அன்று இரவு படகு வீட்டுப் பெரியவரின் மகன் சாப்பாடு பரிமாறிக்கொண்டே கேட்டார். “உங்கள் தமிழ்நாட்டில் இப்போது நிலைமை சரியாகிவிட்டதா? டி.வி.யில் பார்த்தோம். விஜய் கூட்டத்தில் நெரிசலில் அத்தனை பேர் இறந்தார்களே. அங்கே வரப் பயமாக இருக்கும் போலிருக்கிறது.”

கையில் எடுத்த சோற்றை இலையிலேயே, இல்லை, தட்டிலேயே வைத்துவிட்டேன். செப்டம்பர் 27 அன்று கரூரில் 41 பேர் இறந்தது எங்களுக்கு டி.வி. செய்தி கிடையாது. எங்கள் ஊர்ச் சாலையில் வடக்கே போனால் அடுத்த பெரிய ஊர் கரூர். மாதத்தில் ஒரு முறையாவது யாராவது துணி எடுக்கவோ கல்யாணத்துக்கோ போய் வருகிற இடம். கரூர் என்றால் எனக்கு அமராவதி ஆறும் ஜமுக்காளமும் பசுபதீஸ்வரர் கோயிலும் பேருந்து நிலையத்து டீக்கடையும். அந்த ஒரு மாலை, அவற்றுக்கு நடுவே ஆறாத காயம். ஆனால் தால் ஏரியில் இருப்பவருக்குக் கரூர் என்றால் அந்த மாலை மட்டும்தான். அவர் கேட்டதில் கள்ளம் இல்லை. சித்தி என்னிடம் கேட்டதும் அதே கேள்விதான்.

அங்கிருந்து யோசித்துப் பார்த்தேன். 2005 ஜூலையில் லண்டன் ரயில்களிலும் ஒரு பேருந்திலும் குண்டு வெடித்து 52 பேர் செத்தார்கள். லண்டனுக்குப் போக யாரும் நிரந்தரமாகப் பயப்படவில்லை. 2008 நவம்பரில் மும்பையில் 166 பேர். தாஜ் ஓட்டலின் ஒரு பகுதி டிசம்பர் 21-ஆம் தேதியே திறந்துவிட்டது. மும்பை என்றால் நமக்கு வேலை, சினிமா, ரயில், வடாபாவ், அங்கே செட்டிலான மாமா என்று நூறு விஷயம் தெரியும். நூற்றுக்கு நடுவே அந்த மூன்று நாள் ஒரு துயரம். பகல்காமைப் பற்றி வெளியாளுக்கு என்ன தெரியும்? பசும்புல், இப்போது ரத்தம். பிழைப்புக்கு வேறு வழியும் இருக்கிற பெரிய நகரம், கொஞ்சம் முடங்கினாலும் எழுந்துவிடும். பயணியை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கும் ஊருக்கு அந்தத் தெம்பும் கிடையாது.

இலங்கைக்காரர்களுக்கு இந்த வலி நன்றாகத் தெரியும். இருபத்தாறு வருஷப் போர் முடிந்து, ஊர் ஊராகப் பேர் சேர்த்து, 2018-ல் 23 லட்சம் பயணிகள் வரை வந்தார்கள். 2019-ல் பார்க்க வேண்டிய முதல் நாடு என்று லோன்லி பிளானட் இலங்கையைச் சொல்லியிருந்தது. அந்த வருஷம் ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு, தேவாலயங்களிலும் கொழும்பு ஓட்டல்களிலும் குண்டு. முந்தைய வருஷம் மே மாதத்தில் 1,29,000 பேர் வந்த நாட்டுக்கு அந்த மே மாதம் வந்தவர்கள் 37,802 பேர். ஆனாலும் டிசம்பருக்குள் மாத வரவு இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. நாடுகள் எச்சரிக்கையைத் தளர்த்தின, விமான நிறுவனங்கள் திரும்பின. அதைவிட முக்கியமாக, அங்கே போய் வந்த லட்சக்கணக்கானவர்கள் உலகம் முழுக்க உட்கார்ந்து காலியின் கோட்டையையும் எல்ல ரயிலையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பயம் எல்லா இடத்திலும் ஆளை விரட்டுவதும் இல்லை. எங்கள் மாவட்டத்திலேயே கொடைக்கானலில் குணா குகை இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் அதற்குச் சாத்தானின் சமையலறை என்று பெயர் வைத்திருந்தார்கள். 1991-ல் கமல்ஹாசனின் ‘குணா’வை அங்கே எடுத்த பிறகு படத்தின் பேர் ஒட்டிக்கொண்டது. பாறைப் பிளவில் விழுந்து செத்தவர்கள் உண்டு. 2006-ல் விழுந்த கேரளத்து இளைஞர் ஒருவரை அவர் நண்பரே கயிறு கட்டி இறங்கி மீட்டார். 2024-ல் அது ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ படமாக வந்ததும் வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்க்க அவ்வளவு கூட்டம். அந்த ஆபத்து எங்கே இருக்கிறது, எவ்வளவு தூரத்தில் நின்றால் போதும் என்று தெரிகிறது. கம்பிவேலி போட்ட ஆபத்தைக் காசு கொடுத்துப் பார்க்கிறோம். மனிதன் கையிலிருக்கும் துப்பாக்கிக்கு வேலி போட முடியாது. அது எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஒரு புல்வெளியில் நடந்த கொலைக்காக ஒரு பள்ளத்தாக்கையே ஒதுக்கிவிடுகிறோம். ஏப்ரலுக்குப் பிறகு ஜம்மு காஷ்மீரின் 87 சுற்றுலா இடங்களில் 48-ஐ அரசே மூடியது. அதே 2025 ஆகஸ்டில் ஜம்மு பக்கம் கிஷ்த்வாரில் மேகவெடிப்பில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களும், வைஷ்ணவி தேவி பாதையில் மண் சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்களும் இறந்தார்கள். மழைக்குப் பயந்து காஷ்மீர் வேண்டாம் என்று சொன்ன ஒருவரையும் நான் பார்க்கவில்லை.

இதில் எனக்கு ஆறாத விஷயம், இப்படி வரும் கெட்ட பேர் ஊரோடு நிற்பதில்லை, ஆளின் மேலும் ஏறிவிடுகிறது என்பதுதான். கொடைக்கானலில் காஷ்மீரிகள் நடத்தும் சால்வைக் கடைகள் வருஷக்கணக்காக இருக்கின்றன. சித்தியே அங்கே வாங்கிய சால்வையைத்தான் மார்கழியில் போர்த்திக்கொண்டு கோயிலுக்குப் போவார். ஏப்ரலுக்குப் பிறகு வடக்கே பல ஊர்களில் காஷ்மீர் மாணவர்களை மிரட்டி அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். கொலை நடந்த மறுநாள் பள்ளத்தாக்கு முழுக்கக் கடையடைத்தது; காஷ்மீர்ப் பத்திரிகைகள் முதல் பக்கத்தைக் கறுப்பாக அச்சிட்டன; ஸ்ரீநகர் ஜாமியா மசூதியில் வெள்ளிக்கிழமைத் தொழுகையின்போது இறந்தவர்களுக்காக ஒரு நிமிஷம் மௌனம் காத்தார்கள். இந்தச் செய்தி எங்கள் தெரு வரை வந்து சேரவில்லை. துப்பாக்கிச் சத்தம் வந்து சேர்ந்தது.

பாம்பூருக்குப் போன நாள் குங்குமப்பூப் பருவம். வெறும் மண் மேட்டில், இலைகூட அதிகம் தெரியாமல், தரையோடு தரையாக ஊதாப் பூக்கள். வெயில் ஏறுவதற்கு முன் பறித்துவிட வேண்டும். குடும்பம் குடும்பமாகக் குனிந்து, கூடையில் போட்டுக்கொண்டே நகர்கிறார்கள். ஒரு பாட்டி என் உள்ளங்கையில் ஒரு பூவை வைத்து, நகத்தால் பிளந்து, உள்ளே இருந்த மூன்று சிவப்பு இழைகளை மட்டும் தனியே எடுத்துக் காட்டினார். அந்த மூன்று இழைதான் குங்குமப்பூ. ஒரு கிலோ சேர்க்க ஒன்றரை லட்சம் பூ வேண்டும். மல்லிகைக்குப் பேர்போன நிலக்கோட்டை எங்கள் மாவட்டம். விடிவதற்குள் பறிக்கும் அவசரமும், கூலிக்குப் பறிக்கிறவர்களின் இடுப்பு வலியும் எனக்குத் தெரியும். பாட்டி இடுப்பில் கைவைத்து நிமிர்ந்ததைப் பார்த்தபோது, மொழி தெரியாத குறையே அங்கே இல்லை.

பகல்காமுக்குக் கடைசியாகப் போனோம். லித்தர் ஆறு வெள்ளைப் பாறைகளில் மோதி, நீல நிறத்தில் சத்தம் போட்டுக்கொண்டு ஓடுகிறது. மே 27 அன்று முதலமைச்சர் உமர் அப்துல்லா தன் அமைச்சரவைக் கூட்டத்தையே இங்கே கொண்டுவந்து நடத்தினார், ஊர் பிழைத்திருக்கிறது என்று காட்டுவதற்காக. பேதாப் பள்ளத்தாக்கு திறந்திருந்தது. பைசரணுக்குப் போகும் பாதை திறக்கவில்லை. ஊரிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர், நடந்தோ குதிரையிலோதான் ஏற முடியும். பாதை தொடங்கும் இடத்தைத் தூரத்திலிருந்து பார்த்தோம். அங்கே ஏற முடிந்திருந்தாலும் ஏறியிருப்பேனா என்று தெரியவில்லை. இருபத்தாறு பேர் இறந்த இடத்தில் நின்று படம் எடுக்க எனக்கு மனம் வந்திருக்காது.

குதிரை நிற்கும் இடத்தில் முப்பது வயதுக்காரர் ஒருவர் எங்களைச் சுற்றிக் காட்டினார். தமிழ்நாடு என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. 2023 தொடக்கத்தில் ‘லியோ’ படப்பிடிப்பு இங்கேதான் நடந்தது. பனியில் வேலை பார்த்தவர்களில் அவரும் ஒருவராம். “விஜய் பாய்” என்று கைபேசியில் தூரத்திலிருந்து எடுத்த மங்கலான படம் காட்டினார். பிறகு நாங்கள் கேட்காமலே கணக்கைச் சொன்னார். கோடையில் சம்பாதித்ததை வைத்துத்தான் பனிக்காலத்துக்கு வைக்கோலும் தீவனமும் வாங்க வேண்டும். இந்தக் கோடை போய்விட்டது. கடன் வாங்கிக் குதிரைக்குத் தீனி போடுகிறார். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு குதிரையில் ஒன்றை விற்றுவிட்டார். “ஆதில் எங்கள் ஆள். அவன் செத்ததைச் சொன்னால் எல்லோரும் வருத்தப்படுகிறார்கள். வருத்தப்பட்டுவிட்டு, வேறு ஊருக்கு டிக்கெட் போடுகிறார்கள்.”

ஊருக்குத் திரும்பிய பிறகு ஒரு தேய்பிறை அஷ்டமி வந்தது. எங்கள் பெருமாள் கோயிலில் சொர்ண ஆகர்ஷண பைரவருக்கு அன்று எங்கெங்கிருந்தோ கார் போட்டுக்கொண்டு வருவார்கள். மற்ற நாளில் பழனிக்கும் கொடைக்கானலுக்கும் போகிற வண்டிகள் திண்டுக்கல்லோடு திரும்பிவிடும். பத்து கிலோமீட்டருக்குள் இருக்கும் இந்தத் தூண்களை, ரதியையும் உக்கிர நரசிம்மரையும், யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. எங்கள் ஊரில் ஒரு பயமும் இல்லை, ஆனால் பேரும் இல்லை. கூட்டம் கலைந்த பிறகு மண்டபத்தில் உட்கார்ந்து சித்தியிடமும் அவர் தோழிகளிடமும் படங்களைக் காட்டினேன். ரொட்டியின் விரல் தடத்தை, தாமரைத் தண்டை, கூரையை, பாட்டியின் உள்ளங்கையை. உசிலம்பட்டிப் பையனின் படத்தை ஒருவர் வாங்கி வெகுநேரம் வைத்திருந்தார்.

“ஏப்ரல்ல துலிப் தோட்டம் தொறப்பாங்களாம்ல?” என்று சித்தி கேட்டார். மார்ச் கடைசியில் திறப்பார்கள், பூ ஒரு மாதம்கூட நிற்காது, பதினைந்து லட்சம் கிழங்குக்கு மேல் நடுகிறார்கள் என்றேன். அடுத்து அவர் கேட்டது, என் மகளை அங்கே கூட்டிப்போவேனா என்று. போவேன் என்றேன். எந்த இடம் திறந்திருக்கிறது, எது பூட்டியிருக்கிறது என்று முந்தின வாரம் விசாரித்துக்கொண்டு, இருட்டுவதற்குள் தங்குமிடம் வந்துவிடுகிற மாதிரி, போஸ்ட்பெய்டு சிம்மோடு. யாரும் உடனே சரி என்று சொல்லவில்லை. பெரியவரின் எண்ணைச் சித்தி எழுதிக்கொண்டார். படகு ஆடுமா, மூட்டுவலிக்காரர்கள் ஏறி இறங்க முடியுமா, சோறு கிடைக்குமா என்று தோழிகள் கேட்கத் தொடங்கினார்கள்.